"வாங்குறவன் பாத்து வாங்கட்டும்" என்று சொல்லும் நம்மவர்களுக்கு



நீண்ட பதிவு. கல் தொழிலில் இருப்பவர்களும், மகனைக் கல்லுக்கு அனுப்ப நினைத்துக்கொண்டிருக்கும் வாப்பாமாரும், உம்மாமாரும் கடைசி வரை வாசியுங்கள். கோபம் வந்தால் கீழே எழுதுங்கள். பதில் சொல்கிறேன்.

போன மாதம் ஓர் இரவு, இஷாவுக்குப் பிறகு, என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். பத்தாம் தரத்தோடு படிப்பை விட்டவன். கெட்டிக்காரன். கணக்கில் கையெழுத்துப் பிழை தவிர வேறு பிழை விடாதவன். சட்டைப் பையிலிருந்து மடித்த கடதாசி ஒன்றை எடுத்துப் பிரித்தான். உள்ளே கருநீலத்தில் ஒரு கல், பதினொரு கரட். போன் டோர்ச்சை மேலே பிடித்தான். ஆறு கால்களோடு நட்சத்திரம் எழும்பியது.

"ஸ்டார் சேர். என்ட முதலாவது சொந்தக் கல்லு. உம்மாட ரெண்டு காப்ப வித்துத்தான் எடுத்த."

நான் கல் வியாபாரி இல்லை. ஆனால் என் வாப்பா பட்டை தீட்டியவர். கையால் வில் இழுத்துச் சக்கரம் சுழற்றிய கடைசித் தலைமுறை. சின்ன வயதில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கல் பார்த்திருக்கிறேன். பிறகு ஆசிரியர் கலாசாலையில் விஞ்ஞானம் படித்தேன். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு அந்தக் கல்லைப் பார்த்தபோது என் வயிறு கலங்கியது. அந்த நட்சத்திரம் அளவுக்கு மிஞ்சி ஒழுங்காக இருந்தது. கோடுகள் ஊசியால் கீறியது போல, விளிம்பிலிருந்து விளிம்பு வரை ஒரே தடிப்பு. வாப்பாவின் பழைய லென்ஸை எடுத்துப் பார்த்தேன். உள்ளே பட்டு நூல் போல ஒன்றும் தெரியவில்லை. அவனிடம் எதுவும் சொல்ல மனம் வரவில்லை. "பரிசோதனைக்கு அனுப்பிப் பார்ப்போம்" என்றேன்.

அறிக்கை வந்தது. செயற்கைக் கல். தொழிற்சாலையில் செய்தது. அதன் பெறுமதி ஒரு நல்ல சோடி சப்பாத்துக்குக் காணாது.

விற்றவர் நம்மவர். முதல் ஸஃப்பில் நிற்பவர். பையன் போய்க் கேட்டபோது அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "நச்சரல் என்டு நான் செல்லினேனா? ஸ்டார் என்டுதானே செல்லின. ஸ்டார் ஈக்கிதானே? வாங்குறவன் பாத்து வாங்கோணும்."

அதைவிட என்னைச் சுட்டது, சுற்றி நின்ற பெரியவர்கள் சிரித்ததுதான். "பரவாயில்ல மகன், இப்பதான் தொழில் படிச்சீக்கிறாய்."

இந்தப் பதிவு அந்த ஒருவருக்கு எதிரானது அல்ல. அந்தச் சிரிப்புக்கு எதிரானது.

முதலில் கல்லைப் பற்றி

நட்சத்திர நீலம் என்பது குருந்தக்கல். உலகம் முழுக்க இந்தக் கனியத்துக்கு வழங்கும் கொரண்டம் என்ற பெயரே நம்முடைய குருந்தம் என்ற சொல்லிலிருந்து போனதுதான். அலுமினியம் ஒட்சைட்டு. கடினத்தன்மை மோ அளவில் 9. வைரம் மட்டும்தான் அதற்கு மேல்.

நட்சத்திரம் எப்படி வருகிறது? கல் மண்ணுக்கடியில் உருவாகும்போது அதற்குள் தைத்தேனியமும் கலந்திருந்தால், அது ரூட்டைல் என்ற மிக மெல்லிய ஊசிகளாகப் பிரிந்து நிற்கும். அந்த ஊசிகள் கண்டபடி கிடப்பதில்லை. பளிங்கின் அமைப்புக்கு ஏற்ப மூன்று திசைகளில் வரிசையாகப் படுத்திருக்கும். வீட்டில் இருக்கும் நூல் கட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நூல் ஓடும் திசைக்குக் குறுக்கே ஒரு வெளிச்சக் கோடு தெரியும். கல்லுக்குள் அப்படி மூன்று கோடுகள், ஒன்றையொன்று வெட்டினால் ஆறு கால். அவ்வளவுதான். ரூட்டைலோடு ஹெமடைட் ஊசிகளும் வேறு கோணத்தில் சேர்ந்தால் பன்னிரண்டு கால் கூட வரும். அது அபூர்வம்.

இதைக் காட்ட கல்லைக் கவிழ்த்த கிண்ணம் போல மேல் வளைவாகத் தீட்ட வேண்டும். அடிப்பக்கத்தைப் பளிங்கின் அச்சுக்குச் செங்குத்தாக வைக்காவிட்டால் நட்சத்திரம் ஒரு பக்கம் சரிந்துபோகும். வாப்பா கரட்டுக் கல்லில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்து நடுவைக் குறிப்பார். ஒரு கல்லுக்கு அரை நாள் எடுத்த நாள்களும் உண்டு.

ஒன்றைக் கவனியுங்கள். அந்த ஊசிகள் கல்லின் குறை. அவைதான் கல்லை மங்கலாக்குகின்றன. தன் குறையை ஒளிக்காமல் நெற்றியில் காட்டித்தான் இந்தக் கல் விலைபோகிறது. அதை விற்கிற நாம் குறையை மறைத்து வாழ்கிறோம்.

"கல்லுப் பாக்க படிப்பு ஏத்துக்கு?"

இந்தக் கேள்வியை நான் வருடாவருடம் கேட்கிறேன். பிள்ளைகள் கேட்டால் பரவாயில்லை. வாப்பாமார் கேட்கிறார்கள். பதில் நம் சொந்தச் சரித்திரத்திலேயே இருக்கிறது.

கெவுடா தெரியாத கல்லுக்காரர் யாரும் இல்லை. பால் போல மங்கிய கல். நம் மூத்தவர்கள் அதைக் கல்லாகவே மதிக்கவில்லை. 1970களில் தாய்லாந்துக்காரர்கள் வந்து அதை அடிமாட்டு விலைக்கு வாங்கிக்கொண்டு போனார்கள். நாம் அவர்களைப் பார்த்துச் சிரித்தோம். அவர்கள் அதைக் கொண்டுபோய் மிக உயர்ந்த வெப்பத்தில் போட்டார்கள். உள்ளே இருந்த ரூட்டைல் கரைந்தது, தைத்தேனியம் நீல நிறமாக மாறியது. நாம் கூழாங்கல் விலைக்கு விற்றது முதல்தர நீலமாக உலகச் சந்தைக்குப் போனது.

அவர்கள் நம்மை ஏமாற்றவில்லை. அவர்களுக்கு ஒரு பாடம் தெரிந்திருந்தது, நமக்குத் தெரியவில்லை. அந்தப் பாடம் ஏ.எல். இரசாயனவியலுக்கு அப்பால் உள்ளதும் இல்லை.

ஆயிரம் வருடங்களுக்கு முன் அல்பிரூனி கற்களைப் பற்றி ஒரு நூலே எழுதினார். நீரில் நிறுத்துக் கற்களின் அடர்த்தியை அளந்தார். ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டு சிவப்புக் கற்கள் வேறு வேறு என்று எண்ணைக் காட்டிச் சொன்னார். நம் ஈழத்தின் கற்கள் ஸரந்தீப் என்ற பெயரில் அந்த அறிஞர்களின் எழுத்துக்களில் இருக்கின்றன. 1344இல் வந்த இப்னு பதூதாவும் இங்குள்ள கற்களைப் பற்றி எழுதி வைத்தார். கல்லையும் அறிவையும் சேர்த்துப் பிடித்த ஒரு பரம்பரையின் பிள்ளைகள் நாம். இன்றைக்கு நம் கையில் டோர்ச் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

அந்த டோர்ச்சும் போதாது. குருந்தத்தின் அடர்த்தி 4 என்று நிறுத்துப் பார்த்தால் கண்ணாடியைப் பிடித்துவிடலாம். செயற்கைக் குருந்தத்தைப் பிடிக்க முடியாது, அதன் அடர்த்தியும் 4தான். அதுவும் அலுமினியம் ஒட்சைட்டுத்தான். அமெரிக்காவில் லிண்டே நிறுவனம் 1947இலேயே நட்சத்திரக் கல்லைத் தொழிற்சாலையில் செய்து விற்கத் தொடங்கிவிட்டது. அவர்கள் பல கற்களின் அடியில் 'எல்' என்ற எழுத்தையும் பொறித்து விட்டார்கள். செயற்கை செய்தவன் அடையாளம் வைத்தான். அதைத் தேய்த்து அழித்தவர்கள் யார் என்று நாம் யோசிக்க வேண்டும்.

இனி, நம் சாட்டுகள்

முதல் சாட்டு: "வாங்குறவன் பாத்து வாங்கட்டும்."

மதீனாச் சந்தையில் தானியக் குவியலுக்குள் ரஸூலுல்லாஹ் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் கைவிட்டுப் பார்த்ததும், அடியில் ஈரம் இருந்ததும் நாம் சின்ன வயதிலிருந்து குத்பாவில் கேட்கும் சம்பவம். அங்கே வியாபாரி பொய் ஒன்றும் சொல்லவில்லை. "காய்ந்தது" என்று அவர் வாயால் சொன்னதாக எங்கும் இல்லை. ஈரத்தை அடியில் வைத்தார், அவ்வளவுதான். அதற்குத்தான் அந்தக் கடுமையான எச்சரிக்கை வந்தது. ஆகவே "நச்சரல் என்டு நான் செல்லினேனா" என்பது சாட்டே அல்ல, அதுதான் குற்றம். குறை மறைக்கப்பட்ட பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்று பிக்ஹ் நூல்களில் தனிப் பாடமே இருக்கிறது. மத்ரஸாவில் ஓதிய பிள்ளைகளிடம் கேளுங்கள், சொல்லித் தருவார்கள்.

இரண்டாவது சாட்டு: "எல்லாருந்தான் ஹீட் பண்ணுறாங்க."

பண்ணட்டும். சூடேற்றுவது உலகச் சந்தை ஏற்றுக்கொண்ட முறை. சூடேற்றிய நீலத்தை "சூடேற்றியது" என்று சொல்லி விற்றால் அதில் ஹராம் எங்கே? சொல்லாமல் விற்பதுதான் பிரச்சினை. அதோடு, இந்தச் சாட்டு நட்சத்திரக் கல்லுக்குப் பொருந்தவும் மாட்டாது. நட்சத்திரத்தைத் தரும் ஊசிகள் மிகக் கூடிய வெப்பத்தில் கரைந்துவிடும். மேற்பரப்பில் தைத்தேனியத்தை ஊடுருவச் செய்து நட்சத்திரம் வரவழைக்கும் வேலையும் இருக்கிறது. அது தோல் ஆழத்துக்குத்தான். மறுபடி தீட்டினால் போய்விடும். வாங்குபவருக்கு இதைச் சொன்னீர்களா?

மூன்றாவது சாட்டு: கல்லோடு சேர்த்து விற்கும் கதை.

வாங்க வருபவர் வேறு சமயத்தவர் என்றால், "இது சனி தோஷத்துக்கு நல்லம்" என்கிறோம். நம்மவர் என்றால், "கண்ணூறு படாது, பரக்கத் வரும்" என்கிறோம். வெள்ளிக்கிழமை பள்ளியில் தவ்ஹீத், சனிக்கிழமை சந்தையில் சனி தோஷம். கல் அழகானது, அபூர்வமானது, அல்லாஹ்வின் படைப்பு. அதை விற்க இந்த மூன்றும் போதும். கல் யாரையும் காப்பாற்றுவதில்லை. காப்பை விற்று வாங்கிய அந்த உம்மாவையும் அது காப்பாற்றவில்லை.

நான்காவது சாட்டு: "இதயெல்லாம் பேஸ்புக்கில போட்டா ஊர்ட பேர் கெட்டுப்போகும்."

இதைச் சொல்பவர்களின் பயம் எனக்கு விளங்கும். 2014 ஜூனில் நம் பகுதி எரிந்தபோது நானும் இங்கேதான் இருந்தேன். நம்மை வெறுப்பவர்களுக்குத் தீனி போடக்கூடாது என்பதும் உண்மை. ஆனால் பேரைக் கெடுப்பது ஆசிரியர் எழுதும் பதிவா, முதல் ஸஃப்பில் நிற்பவர் விற்கும் பொய்யா? பொய்க் கல்லை வாங்கிக்கொண்டு ஊருக்குத் திரும்பும் வெளிநாட்டவர் விற்றவரின் பெயரை ஞாபகம் வைத்திருக்க மாட்டார். "அந்தச் சந்தை" என்று ஊரைத்தான் சொல்வார். நேர்மையாக விற்கும் நூறு பேரின் சோற்றில் மண் விழுவது அப்போதுதான். அந்த நூறு பேருக்காகவும்தான் எழுதுகிறேன்.

"100 மில்லியன் டொலர்" காய்ச்சல்

2016 ஜனவரியில் 'ஆதமின் நட்சத்திரம்' பற்றிய செய்தி வந்தது. 1404.49 கரட். 100 மில்லியன் டொலர் என்றார்கள், அதற்கு மேலும் போகும் என்றார்கள். 2021இல் இரத்தினபுரியில் ஒரு வீட்டுக் கிணறு தோண்டும்போது கிடைத்த 510 கிலோ கொத்தின் செய்தி வந்தது. அதற்கும் 100 மில்லியன். என் வகுப்பில் அந்த வாரம் பாடம் நடத்த முடியவில்லை.

பிள்ளைகளுக்கு ஒன்றைச் சொல்லிக் கொடுங்கள். மதிப்பீடு விலை அல்ல. ஒருவர் காசை எண்ணி வைத்து எடுத்துக்கொண்டு போனால்தான் அது விலை. செய்தியில் வருவது அறிவிப்பு. கல்லின் பாரத்தை மட்டும் வைத்து விலை சொல்வதும் இல்லை. நிறம், தெளிவு, நட்சத்திரத்தின் கூர்மை, நடுவில் நிற்கிறதா என்பது எல்லாம் சேர்ந்தால்தான் விலை.

உலகப் பிரசித்தி பெற்ற நட்சத்திர நீலம் எது தெரியுமா? நியூயோர்க் இயற்கை வரலாற்று நூதனசாலையில் இருக்கிறது. 563.35 கரட். 1964இல் திருடப்பட்டு மீட்கப்பட்ட கல். நம் நாட்டு மண்ணில் கிடைத்தது. பெயர் மட்டும் 'இந்தியாவின் நட்சத்திரம்'. கிடங்கில் இறங்கி இல்லம் அள்ளி ஆற்றில் அரித்து எடுத்தவரின் பெயர் எங்கேயும் இல்லை. மண்ணைத் தோண்டியவன் பெயர் நிற்காது, அறிந்தவன் வைத்த பெயர்தான் நிற்கும். இதை ஒன்பதாம் தரப் பிள்ளைக்கு விளங்கப்படுத்தினால் போதும், அவன் கடைசி வாங்கை விட்டு எழும்பிப் போகமாட்டான்.

சட்டப்படி 16 வயது வரை பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும். அதற்கு முன்பே அவன் கையில் கல்லைக் கொடுத்து "ஓடு, காட்டிட்டு வா" என்று அனுப்பும் முதலாளிமாரே, உங்கள் சொந்தப் பிள்ளைகள் கொழும்பில் சர்வதேசப் பாடசாலைகளில் படிப்பது எங்களுக்குத் தெரியாமல் இல்லை.

வாங்கப் போகிறவர்களுக்கு

இதைச் சொல்லாவிட்டால் என் பதிவு வெறும் ஏச்சாகிவிடும்.

1. வெயிலில் பாருங்கள். ஒற்றை வெளிச்சத்தில்தான் நட்சத்திரம் தெரியும். டியூப் லைட்டில் தெரியாது. டோர்ச்சில் எல்லாக் கல்லும் அழகாகத்தான் இருக்கும். டோர்ச்சை அணைத்துவிட்டு நிறத்தைப் பாருங்கள்.

2. கல்லைச் சரித்தால் நட்சத்திரம் நகர வேண்டும். இரண்டு டோர்ச் பிடித்தால் இரண்டு நட்சத்திரம் தெரிய வேண்டும். நகராவிட்டால் அது அடியில் கீறிய கோடு.

3. பத்து மடங்கு லென்ஸில் உள்ளே பாருங்கள். நம் நாட்டு இயற்கைக் கல்லில் பெரும்பாலும் நீண்ட பட்டு ஊசிகள், புள்ளிகள், நிறப் பட்டைகள் தெரியும். நிறப் பட்டை நேர்கோடாகவோ கோணமாகவோ இருக்கும். வளைந்த கோடுகளோ வாயுக் குமிழ்களோ தெரிந்தால் விலகுங்கள்.

4. குறையே இல்லாத நட்சத்திரத்தைக் கண்டால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள்.

5. அடியைப் பாருங்கள். நிறையைக் கூட்ட அடியில் தேவையில்லாத தடிப்பை விடுவார்கள். நீங்கள் கரட்டுக்குக் காசு கொடுக்கிறீர்கள். மோதிரத்துக்குள் மறையப்போகும் பகுதிக்கும் சேர்த்துத்தான்.

6. மேலே சொன்ன எல்லாவற்றையும் பார்த்த பிறகும், பெரிய காசு என்றால் பரிசோதனை அறிக்கை இல்லாமல் வாங்காதீர்கள். கண்ணை நம்பி நானும் ஏமாறலாம்.

கையில் ஏற்கெனவே நல்ல கல் இருப்பவர்கள்: இளஞ்சூட்டு நீர், கொஞ்சம் சவர்க்காரம், மெல்லிய பிரஷ், இதுவே போதும். மற்ற நகைகளோடு ஒரே பெட்டியில் போடாதீர்கள். அது மற்றக் கற்களைக் கீறும், வைரம் அதைக் கீறும். கடினமான கல் என்றால் உடையாது என்று அர்த்தமில்லை. சீமெந்துத் தரையில் விழுந்தால் வெடிக்கும். மோதிரத்தைப் பெருப்பிக்கவோ ஒட்டவோ கொடுக்கும்போது கல்லைக் கழற்றிவிட்டு நெருப்புப் பிடிக்கச் சொல்லுங்கள்.

நான் கேட்பது என்ன?

சந்தைச் சங்கத்திடம்: விற்கும் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு துண்டு எழுதிக் கொடுப்பதைக் கட்டாயமாக்குங்கள். இயற்கையா செயற்கையா, சூடேற்றியதா இல்லையா, எத்தனை கரட், கையொப்பம். நான்கு வரி. நேர்மையானவருக்கு அது பாரமே இல்லை.

பள்ளிவாசல் நிர்வாகத்திடம்: வருடத்தில் ஒரு ஜும்ஆவையாவது கல் கொடுக்கல் வாங்கலுக்கு ஒதுக்குங்கள். அத்தர் பூசுவதைப் பற்றிப் பேசிய நேரத்தில் பாதி போதும்.

வசதி படைத்தவர்களிடம்: நளீம் ஹாஜியார் கல்லில் உழைத்த காசைக் கொண்டுதான் 1973இல் ஜாமியா நளீமிய்யா எழும்பியது. அந்த ஊரில் இருந்துகொண்டு ஓ.எல். எழுதாத பிள்ளையைத் தரகுக்கு விடுவது நமக்கு அழகா? ஒரு நுணுக்குக்காட்டியும் சில கருவிகளும் பாடசாலைக்கு வாங்கித் தாருங்கள். பின்னேரம் நான் சம்பளம் இல்லாமல் படிப்பிக்கிறேன். சாதாரண தரம் முடித்தவர்களுக்குக் கடுவெலயில் அரசாங்கத்தின் ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. கல் தொழில் வேண்டாம் என்று நான் ஒருபோதும் சொல்லவில்லை. படித்துவிட்டுப் போகட்டும் என்கிறேன்.

விற்றவரிடம்: உங்கள் பெயரை நான் எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். உங்களுக்குத் தெரியும். அந்தக் காசு இரண்டு காப்பின் காசு. அவை அந்த உம்மாவின் கல்யாணக் காப்புகள்.

பையன் இந்த டிசம்பரில் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக ஓ.எல்.லுக்கு விண்ணப்பம் போட ஒத்துக்கொண்டிருக்கிறான். அந்தக் கல்லை என்னிடம் தந்துவிட்டான். "வெச்சிக்கொள்ளுங்க சேர், பாக்கவும் ஏலா." இப்போது அது விஞ்ஞான கூடத்தில், வாப்பா விட்டுப்போன ஒரு சின்ன மங்கலான இயற்கைக் கல்லுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பத்தாம் தரப் பிள்ளைகளிடம் இரண்டையும் கொடுத்து எது உண்மை என்று கேட்கிறேன். முதல் நாள் எல்லோரும் பளபளக்கும் கல்லைத்தான் காட்டினார்கள். லென்ஸைக் கொடுத்து, ஊசிகளைத் தேடச் சொல்லிக் கொடுத்த பிறகு, ஒரு வாரத்தில் ஒருவரும் பிழைவிடவில்லை.

ஒரு வாரம்தான் எடுத்தது. நம் பெரியவர்கள் சிரித்துக்கொண்டே "தொழில் படிச்சீக்கிறாய்" என்று சொன்ன பாடத்துக்கு இரண்டு காப்பு போனது.

பகிர விரும்புவோர் பகிரலாம். பெயர் கேட்டு இன்பொக்ஸுக்கு வராதீர்கள். யாரையும் ஊகித்துக் கருத்தில் எழுதாதீர்கள், அழித்துவிடுவேன். நான் எழுதியதில் பிழை இருந்தால் தொழில் தெரிந்த மூத்தவர்கள் திருத்துங்கள். ஆசிரியனும் படிக்க வேண்டியவன்தான்.

வஸ்ஸலாம்.